தோட்டத்துக்குத் தண்ணீர்

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் இன்னும் மூட்டை கட்டாமல் இருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த நான் வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாசி மாதம். அந்த வருஷத்து வெயிலை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை இடிக்கும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் தோட்டம் என்றால் மிளகாயும் வெங்காயமும் புகையிலையும். மலைநாட்டில் தோட்டம் என்றால் தேயிலை. கொழும்புத் தோட்டத்தில் ஒரு புல்லும் முளைக்காது. குறுகலான ஒழுங்கைக்குள்ளே முதுகோடு முதுகு ஒட்டின ஒற்றை அறை வீடுகள், நடுவிலே நாறுகிற ஒரு சாக்கடைக் கான். இதற்குத்தான் இங்கே தோட்டம் என்று பெயர். யார் வைத்தார்களோ, நல்ல பகிடிக்காரராக இருந்திருப்பார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தோட்டம் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இந்தியத் தமிழர்களின் குடும்பங்கள். தண்ணீருக்குப் பெரிய தெருக் குழாயடிக்குப் போய்ச் சண்டை பிடித்து, மண்ணெண்ணெய்த் தகரத்தில் சுமந்து வரவேண்டும்.

அந்த நாளில் பட்டணத்தை அழகாக்கப் புறப்பட்ட ஒரு மாதர் சங்கத்தில் நானும் சேர்ந்திருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, சேர்ந்ததில் எனக்குப் பெரிய பெருமை. கார் வைத்திருக்கிற சீமாட்டிகளோடு ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம் அல்லவா! ஏழைகளின் வாசலும் பச்சையாக இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவி ஆசைப்பட்டார். வீட்டுக்கு ஒரு பூச்செடி கொடுத்தோம். கொடுக்கும்போது நான் வகுப்பில் பேசுகிற மாதிரியே விரலை ஆட்டிச் சொன்னேன்:

"வந்து பாப்பன். வாடியிருந்தால் எனக்குக் கோவம் வரும், ஓம்!"

பிறகு ஒருநாள் நகரசபையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். அந்தப் பக்கத்துக்குப் புதிதாக ஒரே ஒரு குழாய்தான் போட முடியும், எந்தத் தோட்டத்துக்குப் போடுவது என்று பார்த்து முடிவு செய்யத்தான் வந்தார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைவியும் கூடவே வந்தார்.

உள்ளே போனால், என்ன சொல்ல! வாசலுக்கு வாசல் செடி. காசித்தும்பையும் குரோட்டனும் பளபளவென்று நிற்கின்றன. ஒன்றாவது வாட வேண்டுமே! தலைவிக்கு வாயெல்லாம் பல். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

முதல் வீட்டுக்காரி முன்னால் வந்தாள். ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று சேலையைப் பிடித்தபடி.

"டீச்சரம்மா, எங்க தோட்டத்துக்குத் தண்ணி இல்லேன்னு தொரைகிட்ட சொல்லுங்க. ஒரு பைப்பு போட்டுக் குடுத்தா புண்ணியமாப் போகும்."

நான் படித்த இங்கிலீஷில் தோட்டத்துக்கு ஒரே சொல்தான். கணமும் யோசிக்கவில்லை. "கார்டனுக்குத் தண்ணீர் இல்லையாம், ஒரு குழாய் கேட்கிறார்கள்" என்று அழகான உச்சரிப்போடு சொல்லிவிட்டேன்.

துரை ஊருக்குப் புதியவர். பூச்செடிகளைச் சுற்றிப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். இந்தக் கார்டனுக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லையே என்றார். தலைவி கலகலவென்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வெள்ளைக்காரர் பகிடி விட்டால் சிரிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே வந்தது.

அவர்கள் காரில் ஏறி அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். அங்கே பேச இங்கிலீஷ் தெரிந்த ஆள் இருக்கிறதாம்; பள்ளிக்கூடம் பக்கத்தில்தானே என்று நான் நின்றுவிட்டேன். அந்தப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"எல்லாரும் சிரிச்சீங்களே டீச்சரம்மா, கெடச்சிருச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்டன்! குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னவளை, பூங்கன்றுக்குத் தண்ணீர் கேட்டவளாக்கிவிட்டேனே பாவி! அடுத்த ஒழுங்கைக்கு ஓடினேன். சேலைத் தலைப்பு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நான் போய்ச் சேர, துரை அங்கே சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குழாய்க்கு அடையாளம் போட்டுவிட்டார். சுற்றிவர நின்ற பெண்கள் கைகூப்பி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் வாசலில் செடி ஒன்றும் இல்லை. எங்கள் சங்கம் அங்கே போகவில்லை.

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் இந்தக் குழாயை அங்கே மாற்றவா என்று என்னையே கேட்டார். அந்தப் பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடமிருந்து பிடுங்க எனக்கு என்ன உரிமை? தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பிப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் ஏசவில்லை. செடியைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ இனிமே இதுக்குத் தண்ணி ஊத்த வேணாமா டீச்சரம்மா?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன் அப்பிடிக் கேக்கிறீங்கள்?" என்றேன்.

"நீங்க வந்து பாப்பேன்னு சொன்னீங்கல்ல. வாடிப் போனா ஒங்களுக்குக் கோவம் வருமேன்னு, புள்ளைங்களக் குளிப்பாட்டுறதக் கொறச்சுக்கிட்டுத்தான் ஊத்துனோம். எல்லா வீட்லயும் அப்படித்தான்."

இனி ஊற்ற வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவள் உடனே குந்தியிருந்து செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கினாள், ஒரு பழைய பேப்பரில் சுற்றினாள், மரியாதையாக இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். செடி நின்றது தண்ணீர் சுமக்கிற தகரத்தில். செடிக்காக அதன் அடியில் ஓட்டை போட அவளுக்கு மனம் வரவில்லையாம். மண்ணைத் தட்டிவிட்டு, தகரத்தோடு குழாயடிக்கு விறுவிறுவென்று போனாள். இருட்டுவதற்குள் இன்னும் ஒரு தடவை தண்ணீர் எடுக்கலாம் என்ற சந்தோஷம் அவள் நடையில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ரயிலில் வரும்போது செடி என் மடியில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் நல்ல பூ என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நகரசபைப் படி ஏறி ஏறி, அந்தத் தோட்டத்துக்கும் குழாய் வாங்கிக் கொடுத்தேன்தான். ஆனால் அதற்குள் இன்னொரு மாசி வந்து போய்விட்டது. இன்றைக்கும் யாராவது பட்டணத்தைப் பச்சையாக்குவோம் வாருங்கள் என்று ஆசையாகக் கூப்பிட்டால் நான் மறுப்பதில்லை. ஆனால் அதற்கு ஊற்றப்போவது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்காமல் ஒரு செடியைக்கூட என்னால் கையில் எடுக்க முடிவதில்லை.