நாடா இருந்த பக்கம்

ஈஸ்டர் ஞாயிறு, அதிகாலை நான்கு மணி. குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு ஆட்டோ நின்றது. போக வேண்டிய இடங்களைச் சொன்னேன்: முதலில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஆயர் குடியிருக்கும் குருமனை, ஆறு கிலோமீட்டர், அங்கிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டு சேலையூர் தாண்டி எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம், நான்கு கிலோமீட்டர், காத்திருந்து, பிறகு காட்டாங்குளத்தூர், ஏறக்குறைய இருபது. ஓட்டுநர் தொள்ளாயிரம் கேட்டார். எண்ணூறுக்கு ஒப்புக்கொண்டார். மீட்டரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் அதை நினைவூட்டவில்லை.

ஓட்டுநரின் பெயர் முருகன். சேலையூர்க்காரர், கேம்ப் ரோடு அகலமாவதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருக்கும் குடும்பம்.

"இன்னா சார், பண்டிகை நாளும் அதுவுமா சுடுகாட்டுக்குப் போறீங்க?"

"சுடுகாடு இல்லப்பா, கல்லறைத் தோட்டம். பண்டிகையே அங்கதான் ஆரம்பிக்குது."

"எங்க வூட்ல நல்ல நாள்ல அந்தப் பேர எடுத்தாலே வாய்லயே போடுவாங்க. நீங்க இன்னான்னா குடும்பத்தோட மெழுகுவத்தி புட்சிகினு போறீங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்தவர் ஞாயிறு விடியுமுன் கல்லறையில் இல்லை என்பதுதான் எங்கள் மதத்தின் மூலச் செய்தி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்லொழுக்கப் பாடவேளை. அதற்கு ஆயரும் வேண்டாம், அங்கியும் வேண்டாம். அதனால் எங்கள் சபை ஈஸ்டரன்று இருட்டிலேயே தன் இறந்தவர்களிடம் போகிறது. ஆயர் கல்லறைகளின் நடுவே நின்று "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று அறிவிப்பார். சபை "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்லும். அந்த அறிவிப்புக்கு முன் பாட்டு கிடையாது, ஜெபம் கிடையாது, ஒன்றும் கிடையாது. முறை அதுதான்.

இந்த ஆண்டு அந்த அறிவிப்பு வருமா என்பது எனக்குத் தெரியாது. ஆயர் ஜெயசீலனின் மனைவி சுகந்தி மூன்று வாரத்துக்கு முன், தவக்காலத்தின் நடுவில் இறந்துபோனாள். வயது முப்பத்தெட்டு. அந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். நேற்று மாலை ஆயர் தொலைபேசியில் பேசினார்.

"சார், அந்த வார்த்தையை அவ பக்கத்துல நின்னு என்னால சொல்ல முடியுமான்னு தெரியல. நம்பாம சொல்லமாட்டேன். சொல்ல முடியலன்னா அங்கியக் கழட்டி உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன். நீங்க நடத்துங்க."

போய்விடுவேன் என்றால் அந்த ஆராதனையிலிருந்து மட்டும் அல்ல, ஊழியத்திலிருந்தே.

நான் சபையின் செயலர். ஆயர் இல்லாத வேளையில் ஆராதனை நடத்த பேராயத்தின் அனுமதியும் பெற்றவன். ஆகவே என் சட்டைப் பையில், உயிர்த்தெழுதல் ஏன் விசுவாசத்தின் மையம் என்பதற்கு மூன்று காரணங்களுடன் ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. நல்ல பிரசங்கம்தான். அதைப் படிக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதே வழியெல்லாம் என் கவலை.

நாலரை மணி. குருமனை வாசலில் ஆயர் தயாராக நின்றிருந்தார். மடித்த அங்கியும் ஆராதனைப் புத்தகமும் கையில். ஏறி உட்கார்ந்தார். வணக்கம் சொன்னேன், தலையசைத்தார். வேளச்சேரி சாலையில் பால் வண்டிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு டீக்கடை திறந்திருந்தது.

"டீ சாப்பிடலாமா ஐயா?"

"தொண்டையில இறங்காது சார்."

முருகன் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். இரண்டு கிலோமீட்டர் இத்தனை நீளமாக இருக்கும் என்று நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஐந்து மணி. கல்லறைத் தோட்டத்தில் சபை முழுவதும் கூடியிருந்தது. சனிக்கிழமையே வெள்ளையடித்த கல்லறைகள், ஒவ்வொன்றின் மேலும் மெழுகுவர்த்தி, சாமந்தி மாலை. சுகந்தியின் கல்லறைக்கு இன்னும் சிமெண்டு பூசவில்லை. மண் இறங்கி அமையக் காத்திருக்க வேண்டும். அந்த மண்மேட்டின் மேல் யாரோ மல்லிகைச் சரம் வைத்திருந்தார்கள். ஆயர் அங்கியை அணிந்துகொண்டு நேராக அதன் அருகே போய் நின்றார்.

எல்லோரும் அந்த அறிவிப்புக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் வாயைப் பொத்தினாள். நான் சட்டைப் பையில் கை வைத்தேன்.

ஆயர் புத்தகத்தைத் திறந்தார். அடையாள நாடா இருந்த பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் படித்தது அடக்க ஆராதனை. பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுவரும்போது படிப்பது. சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான வரி. ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாவில் கேட்டது.

எப்படி நேர்ந்தது என்பது எனக்கு உடனே புரிந்தது. சுகந்தியின் அடக்கத்தை நடத்த வந்த பக்கத்துச் சபை ஆயர் தம் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. ஜெயசீலனின் புத்தகத்தைத்தான் வாங்கிப் படித்தார். நாடாவை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டார். அன்றிலிருந்து ஆராதனைகளை நான்தான் நடத்தினேன், இவர் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

பாடகர் குழுத் தலைவி ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சார், பக்கம் மாறிப்போச்சு! பண்டிகையன்னைக்கு இதப் போய்... சீக்கிரம் போங்க சார்!"

ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் ஆயரே நிறுத்திவிட்டார். பக்கத்தைப் பார்த்தார். மண்மேட்டைப் பார்த்தார். மறுபடியும் பக்கத்தைப் பார்த்து, அந்த முதல் வரியை இன்னொரு முறை, இப்போது மெதுவாக, யாரோ முதன்முதலாகத் தம்மிடம் சொல்வதுபோலப் படித்தார். உயிர்த்தெழுதலும் ஜீவனும் தாமே என்று ஆண்டவர் சொன்ன வரி அது.

எத்தனையோ அடக்கங்களில் அதைக் கேட்டவன் நான். அடக்க ஆராதனை மண்ணைப் பற்றித் தொடங்கவில்லை, உயிர்த்தெழுதலைப் பற்றித்தான் தொடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் என் காதில் ஏறியது.

ஆயர் நிமிர்ந்தார்.

"பக்கம் தப்பா எடுத்துட்டேன்" என்றார். "அன்னைக்கு இதப் படிச்சப்போ நான் இங்கதான் நின்னேன். ஒரு வார்த்தையும் கேக்கல. இப்பதான் கேக்குது."

புத்தகத்தை மூடினார். பிறகு, "எனக்கு இன்னும் அவ வேணும். அது மாறல. ஆனா கடைசி வார்த்தை இந்த மண்ணு இல்ல" என்றார்.

அதன்பின் சொன்னார். உரத்துச் சொல்லவில்லை, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்."

பின்வரிசையும் சேர்ந்துதான் பதில் சொன்னது. அப்படியொரு சத்தத்தை நான் எங்கள் சபையில் கேட்டதில்லை. காணிக்கை அறிவிப்பின்போது இருமக்கூட யோசிக்கும் சபை அது. வாசலில் ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த முருகன் இறங்கி ஓடிவந்துவிட்டார்.

ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். இம்முறை ஆயரே டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். மூன்று டீ, நாற்பத்தைந்து ரூபாய்.

"இன்னா சார், அப்டி ஒரு கூச்சல்? நெஜமாலுமே எவனோ எழுந்துகினான்னு பயந்துட்டேன்" என்றார் முருகன்.

"அதத்தான் சொன்னோம்பா" என்றார் ஆயர். அவர் சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி. ஜி.எஸ்.டி. சாலையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காட்டாங்குளத்தூரில் வாடகைக் கூடம் ஒன்றில் ஆயருக்கு அடுத்த ஆராதனை, ஏழரை மணிக்கு. பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். இன்னொரு தவறு நேர வேண்டாம் என்று புத்தகத்துக்குக் கை நீட்டினேன்.

"நாடாவ ஈஸ்டர் பக்கத்துக்கு மாத்தி வெச்சிடட்டுமா ஐயா?"

"வேணாம் சார். இருக்கட்டும். அங்கேயிருந்தே ஆரம்பிக்கிறேன்."

பணிக்காலம் முழுவதும் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தவன் நான். இறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தலாம், வயது திருத்தலாம், தந்தை பெயரைச் சேர்க்கலாம்; ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு, விதியின் எண் உண்டு. இறந்தவர் எழுந்துவிட்டார் என்று தெரிவிக்க மட்டும் வழி கிடையாது. யாரும் வந்து கேட்டதும் இல்லை.

அன்று பிற்பகல் குரோம்பேட்டை வீட்டுக்குத் திரும்பிச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பிரசங்கம் கையில் தட்டுப்பட்டது. மூன்று காரணங்களும் அப்படியே இருந்தன. ஒன்றிலும் பிழை இல்லை. மடித்து, பழைய செய்தித்தாள்களோடு வைத்தேன்.