மண்ணுக்கும் வில்லங்கம் பார்த்தவள்

"இன்னா சார், பத்திரம் கிளீனா கீது, பட்டா கிளீனா கீது... இவங்க மண்ணை டெஸ்ட் பண்ணணும்ன்றாங்களே?"

கோடம்பாக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் வாசலில் நின்று புரோக்கர் என்னிடம் முறையிட்டார். 'இவங்க' என்றால் என் தங்கை சுதா. ஆழ்வார்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் பிளே ஸ்கூல் நடத்துகிறாள். வீட்டை இடிக்கப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். ஜூனில் ஸ்கூல் திறப்பதற்குள் வேறு இடம் வேண்டும். வாடகை இடம் தேடித் தேடி அலுத்துப்போய், இந்த முறை சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன... நான் புரோக்கர் கட்சி! தனிக் கட்டடம், பின்னால் தோட்டம், குழந்தைகள் மண்ணில் விளையாட நிழல் — இந்த ஊரில் இதெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? வில்லங்கம் எதுவும் இல்லை என்று வக்கீலும் சொல்லியாகிவிட்டது. போதாக்குறைக்கு, லேடீஸ் ஹாஸ்டல் நடத்தும் ஒருவர் அதே இடத்தைக் கேட்டுக் காத்திருந்தார்.

சுதா அசையவில்லை. இடத்தின் சொந்தக்காரருக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. தெற்கத்திக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரிடம் சுதா கேட்ட முதல் கேள்வி, முன்பு இங்கே என்ன இருந்தது என்பதுதான். அவரும் ஒளிக்காமல் சொன்னார். அவருடைய அப்பா வாங்குவதற்கு முன்னால் அங்கே சினிமா பிலிம் கழுவும் லேப் இருந்ததாம். அப்புறம் வெறும் ஜவுளி குடோன்தான்.

காரில் திரும்பும்போது சுதா சொன்னாள்: "வக்கீல் பேப்பர்ல இருக்கற வில்லங்கத்தைத்தான் பார்ப்பார் அண்ணா. மண்ணுல இருக்கறதை யார் பார்க்கறது? அந்த கெமிக்கல் எல்லாம் எங்க போச்சு? எங்க பசங்க மண்ணை அள்ளினா, கை நேரா வாய்க்குத்தான் போகும்."

நான் பிளாட் வாங்கியபோது விசாரித்ததெல்லாம் லிஃப்ட்டையும் கார் பார்க்கிங்கையும்தான்.

மண்ணை டெஸ்ட் செய்ய அண்ணாச்சி சம்மதித்தார். சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் கம்பெனியிலிருந்து வந்தார்கள். தோட்டத்தில் ஆங்காங்கே துளை போட்டு மண் எடுத்தார்கள். போர்வெல் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். சுதா வெயிலில் கூடவே நின்றாள்.

ரிசல்ட் வந்தது. லேபின் கழிவு இறங்கிய மண்ணில் குரோமியம், வெள்ளி... எல்லாம் அளவுக்கு மீறி. போர்வெல் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ லாயக்கில்லை.

புரோக்கர் உடனே உஷாரானார். மேடத்துக்கு வேண்டாமென்றால் விட்டுவிடலாம், ஆனால் ரிப்போர்ட் வெளியே தெரிய வேண்டாம், ஹாஸ்டல் பார்ட்டியும் ஓடிவிடுவார் என்றார். நானும் தப்பித்தோம், கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன்.

சுதா நேராக தி.நகர் கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ரிப்போர்ட்டைப் படித்த அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது.

"வாங்க வந்திய, சரி. இப்ப இடத்துக்குப் பேரைக் கெடுத்துட்டியளே டீச்சர்."

சுதா குரலை உயர்த்தவில்லை. "நான் வாங்காதது இருக்கட்டும் அண்ணாச்சி. பின்னாடி உங்க வாட்ச்மேன் குடும்பம் அந்தத் தண்ணியிலதான் சமைக்கறாங்க. முதல்ல மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க."

அண்ணாச்சி ரிப்போர்ட்டை மேசையில் வைத்தார். பிறகு மொபைலை எடுத்தார்.

அன்றைக்கே மோட்டார் நின்றது. வாட்ச்மேன் வீட்டுக்குக் கேன் தண்ணீர் போனது. அந்தக் குடும்பத்தை டாக்டரிடமும் அனுப்பினார். அதைவிடப் பெரிய ஆச்சரியம் — ஹாஸ்டல்காரரிடம் அண்ணாச்சியே உண்மையைச் சொல்லிவிட்டார்! கெட்டுப்போன மண்ணை முறைப்படி அகற்றும் வேலை இப்போது நடக்கிறது. அது முடிந்த பிறகுதான் விற்பாராம்.

சுதாவின் பாடுதான் திண்டாட்டம். ஜூன் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று. கோடம்பாக்கத்தை விட்டது தப்போ என்று ஒரு தடவையாவது புலம்புவாள் என்று எதிர்பார்த்தேன். ம்ஹூம்! கடைசியில் மந்தைவெளியில் சின்னதாக ஓர் இடம் அமைந்தது. அங்கேயும் அதே கேள்வி, அதே டெஸ்ட். மண்ணும் சுத்தம், தண்ணீரும் சுத்தம்.

போன வாரம் திறப்பு விழா. அண்ணாச்சி ஸ்வீட் பாக்ஸோடு வந்திருந்தார். நடந்ததையெல்லாம் பெற்றோர்களிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட ஒரு அம்மா என்னிடம் வந்து, "நீங்க சுதா மிஸ்ஸோட அண்ணனா?" என்று கேட்டார்.

வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்ல வாயெடுத்தேன்... சொல்லவில்லை.

"ஆமாம்" என்றேன். எனக்கு அந்த அறிமுகமே போதும்!