மணி அடித்த பிறகு போட்ட ஓடு

ஆரல்வாய்மொழிக் காற்றில் நிற்காத மதிலை நிற்க வைத்தவன் நான். மூன்றாம் வகுப்பு தாண்டாமலே சந்தைக்குக் கூரை போட்டவன் நான். பூங்காவில் வௌவால் அடைந்து கிடந்த கட்டிடத்தைப் பந்தாட்டக் கழகத்துக்காகப் புதுப்பித்தவனும் நானே. மழைக்கு முன் கூரை முடியாவிட்டால் கட்டிடம் கழகத்துக்கு இல்லை என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள்.

பூங்காக் காவல்காரர் முறுக்கு மீசைக்காரர். ஆறு மணிக்கு மணியடித்து, யாரானாலும் வெளியே தள்ளிவிடுவார். அன்று வானம் கறுத்துவிட்டது. கொஞ்சம் ஓடுதான் பாக்கி.

“அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் மணி அடிக்காதேயும்” என்றேன்.

அடித்தார். வாசலை உள்ளிருந்தே பூட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“பூட்டியாச்சு. உள்ள ஆளு இருக்குன்னு ஆரு கண்டா? ஓட்டைத் தாரும் வே!”

கடைசி ஓடு அமர்ந்ததும் மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் பேரைக் கேட்க மறந்தேன்.

கழகத்தார் வாசலில் கல் பதிக்க வேண்டும். கட்டியவன் என்று முதலில் என் பேர். அதற்குக் கீழே, மணியடித்தவர் என்று அவர்.