இடப்பையில் இரண்டு கிளிப்

ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை அவளுக்கு. இருபத்தாறு வருஷம். சோப்பு போட்டுத் தேய்த்தபின் ஏழு முறை அலச வேண்டும். எண்ணிக்கை தப்பாதிருக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள்: மேலங்கியின் இடப்பையில் ஏழு துணிக் கிளிப். ஒவ்வொரு அலசலுக்கும் ஒன்று வலப்பைக்குப் போகும்.

“அங்க ஏழு தடவ. வீட்டுல என் டம்ளருக்கு ஒரு தடவ,” என்பார் குழாய் வேலை செய்த அவள் கணவர்.

அங்கே செய்தது நானோ துகள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டை, உள்ளே மருந்து. ரத்தக்குழாயின் உள்சுவர் எங்கே புண்ணோ அங்கே மட்டும் ஒட்டி மருந்தை இறக்கும். கணவரின் இதயக் குழாய்களில் மூன்று இடத்தில் புண். கத்தி வைக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். முதல் சோதனைக்கான ஆறு பேரில் அவரும் ஒருவர்.

“ஊர்க் குழாயெல்லாம் நான் பாத்தேன். என் குழாயப் பாக்க உன் பொண்ணு ஆள் அனுப்புறா,” என்றார். அதே ஆய்வகத்தில் துகளின் அளவைக் கருவியில் பார்ப்பது மகளின் வேலை.

மருந்தைக் குப்பிகளில் அடைத்த அன்று மதியம், பைக்குள் கைவிட்டாள். இடப்பையில் இரண்டு கிளிப்.

முந்தின நாள் கடைசியாகக் கழுவியது மருந்து கலக்கும் குடுவை. நடுவில் கணவரிடமிருந்து போன். “சாவிய எங்க வச்ச?” பேசிவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகு அலசினாளா? கைக்கு ஈர நினைவே இல்லை.

மகளைத் தேடி ஓடினாள். மகள் கருவியை இரண்டு முறை ஓட்டினாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு. பேசாம இரும்மா.”

“சோப்பு ஒட்டியிருந்தா?”

“துளி இருந்தாலும் உருண்டைய மெல்லக் கரைக்கும். மருந்து வழியிலேயே கொட்டிடும். கருவிக்கு உடனே தெரியாது.” மகள் குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கு ஊசி. அப்பாவால காத்திருக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாத.”

“மத்த அஞ்சு பேரு?”

பதிலுக்கு நிற்காமல் அவள் நேரே ஆய்வகத் தலைவியின் அறைக்குப் போனாள்.

“சந்தேகம்னு வந்துட்டா கொட்டிட வேண்டியதுதான்,” என்றார் தலைவி. “அடுத்தது வர இருபது நாள் ஆகும்மா. உங்க வீட்டுக்காரர்...”

“தெரியும் மேடம்.”

மாலையில் அவள் சொல்லக் கேட்டதும் கணவர் சொன்னார்: “வால்வ மூடினேனான்னு பாதி வழியில எத்தன தடவ திரும்பிப் போயிருக்கேன். ஒவ்வொரு தடவயும் மூடித்தான் இருக்கும்.”

“இப்ப எதுக்கு அதச் சொல்றீங்க?”

“சும்மாதான். போகலன்னா சோறு இறங்காது.”

வீட்டுக்குப் பதினான்கு படி. முன்பு ஒரே மூச்சில் ஏறுவார். அந்த வாரம் ஒன்பதாவது படியில் நின்றார். அடுத்த வாரம் ஆறாவதில். அவர் வெளியே போனால், படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. சத்தம் நின்றால் இவள் மூச்சும் நிற்கும்.

பதினாறாவது நாள் ஆறாவது படியில் உட்கார்ந்தார். எழவில்லை.

இரண்டாவது கலவை ஐந்து பேருக்குப் போனது. குடுவையை அவள்தான் கழுவினாள். ஏழு கிளிப்பும் வலப்பைக்குப் போனபின் மறுபடி முதலிலிருந்து அலசினாள்.

பழைய குடுவையை மகள் எடுத்து வைத்திருந்து, உள்ளே சோப்பு இருக்கிறதா என்று சோதித்தாள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு மாதம் கேட்கப் பயந்தாள். பிறகு கேட்டாள்.

“இருந்துச்சும்மா. நல்லா இருந்துச்சு. நீ சொன்னது சரிதான்.”

மகள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலு வயதில் வாயோரம் சீனி ஒட்டியிருக்க, டப்பாவைத் திறக்கவே இல்லை என்று சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தாள்.

“சரி,” என்றாள் அம்மா. சோதனைக் காகிதத்தைக் காட்டு என்று கேட்கவில்லை.