குருபோங் மேட்டில் கொதித்த கார்

சுதந்திரம் கிடைத்த வருடம் எங்கள் காஜா பெராங் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போன சின்னக் கார். துரை போய்விட்டார், கார்தான் எங்கேயும் போக மறுத்தது.

அதன் குணம் எங்களுக்கு மனப்பாடம். மழை பெய்த மறுநாள் காலையில் கிளம்பாது. இடப்பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். பிரேக்கை இரண்டு தரம் மிதித்தால்தான் காதில் வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, ரேடியேட்டரில் எங்கோ ஒரு கசிவு. மேடு ஏறினால் கொதித்து ஆவி விடும். ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் நகரும். ஆனால் அப்பாவின் எதிரில் யாரும் அதைக் குறை சொல்லிவிட முடியாது.

"பழைய காடின்னா அப்படித்தான் இருக்கும். எஞ்சின் தங்கம்," என்பார். அந்தத் தங்கத்தைத் தெருவில் தள்ளிப் பழகிய அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்.

காரோடு ஒத்துப்போனவர் அத்தைதான், அப்பாவின் தங்கை. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் நிரப்பிப் பின் இருக்கைக்குக் கீழே வைப்பது அவர் பொறுப்பு. ஒரு நாளும் மறந்ததில்லை. குருபோங் மேட்டில் எந்த வளைவில் கொதிக்கும் என்றுகூட அவருக்குத் தெரியும். "இப்ப பாரு பாப்பா," என்று என் காதில் சொல்வார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஆவி கிளம்பும். எனக்குச் சிரிப்பு தாங்காது.

அத்தைக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசை. அப்பாவோ குருபோங்கைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரை மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், வயதும் கூடுதல். அத்தை அழுதார், சாப்பிடாமல் கிடந்தார். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. தோட்டத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்ப்பது என்று முடிவானது. மாப்பிள்ளையின் தாயார் நேரம் பார்ப்பதில் படு கண்டிப்பு. நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பெண் கோயிலில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று அத்தை அழவில்லை. தானே பூ வைத்துக்கொண்டு, தானே டின்னைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. குருபோங் மேட்டில், வழக்கமான வளைவில், கார் கொதித்து நின்றது. அத்தை அன்று என் காதில் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்சம் ஆறியதும் அப்பா கை நீட்டினார். "தண்ணி எடும்மா."

அத்தை டின்னைத் தூக்கிக் காட்டினார். "ஓட்டை போல அண்ணே. வழியிலேயே ஒழுகிப் போச்சு."

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒரு வீடு கிடையாது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் தேடி ஓடினார். அவர் திரும்பி வந்து, கார் கிளம்பி, நாங்கள் கோயிலை அடைந்தபோது அங்கே பூசாரி மட்டும்தான் இருந்தார். மாப்பிள்ளையின் தாயார் சகுனம் சரியில்லை என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அப்பா தேங்காய்த் தட்டோடு படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் புதுப் பாவாடை ஒரு சொட்டுக்கூட நனையாததில் உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது.

அந்த மாதமே அப்பா காரைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டார். "முக்கியமான நாளில கழுத்தறுத்துருச்சு. இதை நம்பினேன் பாரு!" என்று பல நாள் புலம்பினார். வேறு வரன் வருவதற்குள் அத்தை பயிற்சிக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

காரைக் கயிறு கட்டி இழுத்துப் போன அன்று வாசல் வரை போனவர் அத்தை மட்டும்தான். ஆவி கக்கும் அந்த மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டார். அத்தைக்குப் பைத்தியம், ஓடாத காருக்குப் போய் அழுகிறாரே என்று நினைத்தேன். அந்தக் காரை முழுசாக நம்பியவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.