வெந்நீர் வாளிக்குள் விட்ட கை

மைசூரில் என் கணவர் மில்லுக்குக் கிளம்புமுன் வெந்நீர் போட்டு வைப்பது என் வேலை. அன்று எனக்குக் கடும் காய்ச்சல்.

"ஏய், ஆச்சா இல்லையா? பஸ் போயிடும்!" என்று படுக்கையிலிருந்தே கத்தினார். பதற்றத்தில், ஹீட்டர் கம்பியை அணைக்காமலே சூடு பார்க்க வாளிக்குள் கையை விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்தால் விளக்கு எரியவில்லை. அப்போதுதான் கரண்ட் போயிருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்ட மாமியார், "நல்லவேளை, அவன் கை வெக்கல" என்றார்.

எட்டாவதோடு நின்றவள் நான், எதற்கும் பயப்படுகிறவள். அன்று வாய் திறந்துவிட்டது: "இனிமே குளிக்கிறவங்களே காய வெச்சுக்கட்டும் அத்தை."

கோபத்தில் என் கணவர் சில நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார். மார்கழிக் குளிர் விடுமா? இப்போது அவரே ஹீட்டர் போடுகிறார். "சுவிட்சை அணைச்சீங்களா?" என்று நான் படுக்கையிலிருந்து பயந்துகொண்டே கேட்பேன். ஆனால் எழுந்து போவதில்லை.