உருமாறிக்கு நான் வரைந்த கடைசிப் பக்கம்

காமிக்ஸ் எல்லாம் பையன்கள் படிப்பது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கத்தில், நெய்வேலியில் எங்கள் தெருவில் காமிக்ஸ் படித்தவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். யார் முதலில் படிப்பது என்பதில் சண்டை கிடையாது. அதற்கு நாங்களே ஒரு சட்டம் போட்டிருந்தோம். எந்த வீட்டில் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறாரோ, அந்த வீட்டுக்குத்தான் புத்தகம் முதலில் போகும். அந்த வீட்டில் டிவி போட முடியாது, மிக்ஸிகூட ஓடாது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கிடப்பதற்கு ஒரு கூலி வேண்டாமா? ஷிஃப்ட் மாறினால் புத்தகமும் வீடு மாறும்.

அப்படி ஒரு கோடை விடுமுறையில் என் கைக்கு வந்தவள்தான் உருமாறி. வடலூர் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஆங்கிலப் புத்தகம் அது. அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. அவளுடைய நிஜப் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் எண்ணெய்க் கறை. அதனால் உருமாறி என்று நாங்களே பெயர் வைத்தோம். யாரையாவது ஒருமுறை தொட்டுவிட்டால் அந்த ஆளாகவே அவளால் மாற முடியும். போலீஸ்காரராக மாறுவாள், எதிரியின் அம்மாவாகக்கூட மாறுவாள். எந்த உருவத்தில் இருந்தாலும் யாரிடமும் கெஞ்ச மாட்டாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

கதை நின்ற இடம்தான் கொடுமை. எதிரிக்கும் அதே வித்தை தெரியும். அந்த எதிரி உருமாறியாகவே மாறிவிடுகிறாள். கட்டடம் இடிந்துகொண்டிருக்கிறது. உருமாறியின் கூட்டாளி கதவருகே நிற்கிறான். ஒருத்தியை மட்டும் வெளியே இழுக்க நேரம் இருக்கிறது. இரண்டு பேருமே ‘நான்தான் அவள்’ என்கிறார்கள். அதற்கு மேல் பக்கம் இல்லை. பெயரே தெரியாத புத்தகத்தை நெட் சென்டரில் என்னவென்று போட்டுத் தேடுவது?

எதிர்வீட்டில் இருந்த என் தோழியால் இதைத் தாங்க முடியவில்லை. அவளுடைய அப்பா அந்த மாதம் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்தில் கட்டிய சொந்த வீட்டுக்குப் போகிறார்கள்.

“முடிவு தெரியாம நான் வண்டி ஏற மாட்டேன்டி” என்றாள்.

“நான் வரைஞ்சு தரேன்.”

“நீயா?”

“என்ன வுட்டா இந்த பிளாக்ல வேற யாரு இருக்கா?”

இது தற்பெருமை இல்லை, உண்மை. எங்கள் பிளாக்கில் என்னைப்போல வரைய ஆள் கிடையாது. என் படத்தைப் பார்த்து எல்லாரும் ‘சூப்பர்’ என்பார்கள். அவள் ஒருத்திதான் ‘இது கையா, முருங்கக்காயா’ என்று கேட்பாள். அவள் போய்விட்டால் அப்படிக் கேட்க ஆள் இல்லை. எனக்கு அந்தப் பயம் இருந்தது. அவள் ஒத்துக்கொள்கிற ஒரு முடிவை, லாரி வருவதற்குள் வரைந்தே ஆக வேண்டும்.

முதலில், கூட்டாளி ஒரு ரகசியக் கேள்வி கேட்பதாக வரைந்தேன். “தொட்டா ஞாபகமும் வந்துடும்னு ஆரம்பத்துலயே போட்டுருக்கான், நீ படிக்கலயா?” என்றாள். அடுத்து கழுத்தில் ஒரு மச்சம் வைத்தேன். “மச்சம் மட்டும் மாறாதா?” என்று அதையும் தள்ளிவிட்டாள்.

கடைசியில் வழி காட்டியவர் என் அப்பா, அதுவும் தூக்கக் கலக்கத்தில்.

எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. அதே கேட், அதே படி, அதே பச்சைக் கதவு. மாற்று ஆள் வராததால் இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த அப்பா, ஒரு தெரு முன்னாலேயே சைக்கிளைத் திருப்பிவிட்டார். அந்த வீட்டுக்காரருக்கும் நைட் ஷிஃப்ட். அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்பா உள்ளே போய்க் கட்டிலில் விழுந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

அந்த வீட்டு அம்மா அன்று சாயங்காலம் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவிடம் சொன்னார்: “எங்க வூட்டுக்காருன்னு நெனச்சிக்கினு, கேஸ் சிலிண்டர் புக் பண்ணலன்னு கத்துறேன்க்கா. துண்டுக்குள்ள இருந்து ‘சரிம்மா, இன்னிக்கே பண்ணிடறேன்’னு பதில் வருது. எங்க வூட்ல இப்பிடி ஒரு பதில நான் கேட்டதே இல்ல. அப்பவே தெரிஞ்சிபோச்சு, இது வேற ஆளுன்னு.”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா குளியலறையில் இருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் பென்சிலைத் தேடி ஓடினேன்.

என் முடிவு இதுதான். கூட்டாளி இரண்டு பேரையும் திட்டுகிறான்: ‘எல்லாம் உன்னால் வந்த வினை.’ ஒருத்தி கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறாள். இன்னொருத்தி, ‘வாயை மூடிக்கொண்டு முதலில் கதவைப் பிடி’ என்கிறாள். அவளை அவன் வெளியே இழுக்கிறான். அவள் புழுதியைத் தட்டிவிட்டுச் சிரித்தபடி நடந்து போகிறாள். ஞாபகத்தைத் திருடுகிறவளால் கோபத்தைத் திருட முடியாது என்பது என் கட்சி. இதைத் தள்ள யாராலும் முடியாது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, தோழி வீட்டார் சர்ச் பூசைக்குப் போய் வந்த பிறகு லாரி வந்தது. பீரோ, கட்டில், மெத்தை எல்லாம் ஏறின. அவள் புதுச் சுடிதாரில் சொந்தக்காரர்கள் நடுவே நின்றிருந்தாள். பக்கங்களைக் கொடுத்தேன். பொறுமையாகப் புரட்டினாள்.

“நல்லா இருக்கு. தேங்க்ஸ்” என்றாள்.

அதுவரை என்னிடம் அவள் தேங்க்ஸ் சொன்னதே இல்லை.

“என்னடி ஆச்சு உனக்கு? ஒழுங்கா சொல்லு.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “போற நேரத்துல சண்ட போட்டுக்கினு நிக்காதன்னு அம்மா சொன்னாங்க.”

“இப்ப சொல்லலன்னா அப்பறம் எப்ப சொல்லுவ?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். “அப்ப கேளு. முடிவே தப்பு. இத்தன வருஷம் கூட இருந்தவன் யாரு நெசம்னு தெரியாம முழிச்சிக்கினு நிக்கறான். வெளிய வந்ததும் அவனுக்கு ஒரு அற வுட வேணாமா? நீ வரைஞ்சவ சிரிச்சிக்கினே போறா. இவ உருமாறியே இல்லடி. நீ போலிய வெளிய இழுத்துட்ட.”

அவள் சொன்னது நியாயம். அவள் இன்னும் அவளாகவே இருக்கிறாள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏற்றாமல் மிச்சம் இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தின் பின்புறம், உருமாறி கூட்டாளியின் கன்னத்தில் விடும் அந்த அறையை வரைந்தேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவளுடைய அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “கைய இன்னும் பெருசா போடு” என்றாள். போட்டேன். பக்கத்தை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

லாரி தெருமுனையில் திரும்பும்போது அவள் எனக்குக் கை காட்டவில்லை. குனிந்து அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருவில் நின்றபடியே அழுதேன். ஆனால் அந்த அறை சரியாக விழுந்திருக்கிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.